செவ்வாய்க்கிழமை ருசி

பாரிஸின் லா ஷப்பலில் தவசீலனைத் தெரியாதவர்கள் குறைவு; அவர் செய்கிற வேலையைச் சரியாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. ரெஸ்ரோரன்ற் வேலை என்று பொதுப்படச் சொல்லிவிடுவார்கள். அந்தப் பகுதியில் பாதிப் பேருக்கு அதுதான் வேலை என்பதால் யாரும் மேலே விசாரிப்பதில்லை. ஆனால் தவசீலன் குசினிக்குள் நிற்பவரல்லர். கார் து லெஸ்ற் ரயில் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு பழைய ரெஸ்ரோரன்றின் வாசலில், நொறுக்கிய ஐஸும் கடற்பாசியும் பரப்பிய மேசைக்குப் பின்னால், மழைக்கும் குளிருக்கும் முகம் கொடுத்து நிற்பவர். இடக்கையில் தடித்த உறை, வலக்கையில் குட்டைக் கத்தி. சிப்பி திறப்பது அவர் தொழில். இருபத்திரண்டு வருடமாகத் திறக்கிறார். இந்த இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சிப்பியைக்கூட அவர் வாயில் வைத்ததில்லை.

காரணம் பிள்ளையார். வவுனியாப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த தவசீலனின் அகதி மனு இரண்டு தடவை திரும்பி வந்தபோது, அவர் பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்றார். அப்போது பிள்ளையார் இப்போது கோயில் இருக்கிற ரூ பஜோல் தெருவுக்குக் குடிவந்திருக்கவில்லை, பக்கத்துத் தெருவில் இருந்தார். வதிவிடப் பேப்பர் கிடைத்தால் சாகும்வரைக்கும் மச்சம் தொடமாட்டேன் என்று தவசீலன் நேர்ந்துகொண்டார். மீன், இறைச்சி, நண்டு, இறால், ஓட்டுக்குள் ஒளிந்திருக்கிற எல்லாமே எங்கள் ஆட்களுக்கு மச்சம்தான். பதினொரு கிழமையில் பேப்பர் கிடைத்தது. பன்னிரண்டாம் கிழமை, கோப்பை கழுவிக்கொண்டிருந்த அவரை முதன்மைச் சமையல்காரர் தோமா கூப்பிட்டு, சிப்பி திறக்கிற ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான் என்று சொல்லிக் கையில் கத்தியைக் கொடுத்தார். பிள்ளையாருக்கு இருக்கிற குறும்பு வேறு எந்தக் கடவுளுக்கும் கிடையாது.

அன்றைக்குத் தோமா சொன்ன பிரெஞ்சுச் சொல்லும் தவசீலன் காதில் சரியாக விழவில்லை. சிப்பிக்கு அவர்கள் சொல்வது ‘உயித்ர்’. இவருக்குக் கேட்டது ‘உயிர்’. உயிரைத் திற, உயிரைத் திற என்று ஒரு மனிதர் கத்துகிறாரே என்று திகைத்து நின்றவர், முதல் சிப்பியைத் திறந்து அதன் கறுத்த விளிம்பு சுருங்குவதைப் பார்த்தபோது, கேட்டது ஒன்றும் பிழையில்லை என்று நினைத்துக்கொண்டார். சட்டம் பேசிப் பார்த்தால் நேர்த்திக்கடன் தின்னுவதைப் பற்றியதுதான், திறப்பதைப் பற்றியதல்ல. அந்த ஓட்டை வழியாகத்தான் மனிதர் இத்தனை வருடமும் வீட்டு வாடகை கட்டினார்.

இது வரைக்கும் யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை. வினை வந்தது ரெலிபோனில்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர், ரெலிபோன் என்றாலே எரிந்து விழுகிற தோமா, சிப்பிக்கு ஓடர் சொல்கிற வேலையைத் தவசீலனின் தலையில் கட்டினார். ஒவ்வொரு செவ்வாயும் காலை பத்து மணிக்குத் தெற்கே பூசிக் என்ற ஊருக்கு எடுக்கவேண்டும். மத்தியதரைக் கடலுக்கும் திராட்சைத் தோட்டங்களுக்கும் நடுவே பெரிய கடல்நீரேரி ஒன்று இருக்கிறது. அதில் சிப்பி வளர்க்கிற குடும்பம். எடுத்தால் ஷார்லோத் என்ற பெண் பேசுவாள். முதல் நாளே ஓடரை எழுதி முடித்துவிட்டு, போன கிழமை அனுப்பியது எப்படி இருந்தது என்று கேட்டாள்.

நான் தின்னுவதில்லை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் சிப்பி திறக்கிறவன் சிப்பி தின்னமாட்டான் என்றால் அவள் என்ன நினைப்பாள் என்று தவசீலனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. முந்தின நாள் ஒரு வாடிக்கையாளர் சொன்னது நினைவுக்கு வர, “தொடக்கத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல், முடிவில் ஒரு கொட்டைப்பருப்பு வாசம்” என்று எடுத்துவிட்டார். மறுமுனையில் பேனை கீறுகிற சத்தம் கேட்டது. பிறகு ஷார்லோத், இதை எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை முசியே சீலன் என்றாள். அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியைக் கேட்டபோது அவருக்கு உள்ளங்கை சூடானது. கெட்டது காரியம்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடச் செவ்வாய்க்கிழமைகள். தவசீலன் ஒரேயடியாகப் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. இரண்டு சிப்பியை ஒன்றோடொன்று தட்டினால் வருகிற சத்தத்தில் உள்ளே எவ்வளவு சதை இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கத்திக்கு ஓடு எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பதை வைத்து அதன் பலம் தெரியும். திறந்தவுடன் எழும்புகிற வாசத்தில் தண்ணீரின் குணம் தெரியும். மிச்சம் ரெஸ்ரோரன்றின் கண்ணாடி வழியாகத் தெரியும்: மேசையில் இருக்கிறவர்களின் முதல் மிடறு, புருவம், அடுத்ததுக்குக் கை போகிற வேகம். இவை எல்லாவற்றையும் சேர்த்து ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே ஒரு வசனம் கட்டிக்கொண்டு வருவார். கட்டத் தவறிய கிழமைகளில் சும்மா வாயில் வந்ததைச் சொல்லியும் இருக்கிறார்.

பேசுகிற அந்த ஐந்து நிமிடத்தில் ஷார்லோத்துக்குப் பின்னாலிருந்து கேட்கிற சத்தங்களை வைத்து அவர் ஓர் ஊரையே கட்டி எழுப்பியிருந்தார். கடற்பறவை, கிறீச்சிடுகிற இரும்புக் கதவு, ஒரு நாய், தூரத்தில் படகு மோட்டர். அங்கே நீலக் கதவு போட்ட வீடு ஒன்று இருந்தது. வாசலில் ஓர் அத்தி மரம். தண்ணீர் வரைக்கும் இறங்கிப் போகிற திராட்சைக் கொடிகள். டிசம்பர் மாதக் குளிரில் விரல் விறைத்துப்போய் நிற்கையில், கை தன்பாட்டில் திறந்துகொண்டிருக்க, தவசீலன் அந்த ஊரில் உலாவிக்கொண்டிருப்பார். சிலவேளை அங்கே சாய்வுக் கதிரையில் படுத்துத் தூங்கியும் இருக்கிறார். இந்த ஊரைப் பற்றி மனைவி ரஜனிக்கு அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஷார்லோத் வருடா வருடம் வந்து போகச் சொல்லி அழைப்பாள். இவரும் வருடா வருடம் ஏதாவது சாட்டுச் சொல்வார். கனவில் போய் வருகிற ஊருக்கு யாராவது ரிக்கற் எடுப்பார்களா?

எடுத்தாள் மகள் விதுர்ஷா. வேலையிடத்தில் எறிகிற சிப்பிப் பெட்டிகளைத் தவசீலன் வீட்டுக்குக் கொண்டுவந்து, பல்கனியில் கொத்தமல்லியும் வெந்தயமும் நட்டிருந்தார். பெட்டியின் பலகையில் சுட்டிருந்த விலாசத்தை விதுர்ஷா ஒரு நாள் இணையத்தில் தேடிப் பார்த்தாள். அந்த வீட்டில் விருந்தினருக்கு இரண்டு அறை வாடகைக்கு விடுகிறார்கள், ஷார்லோத்தின் கணவர் நிக்கோலா வைன் செய்கிறவர், ஏரிக்கரையில் சிப்பியும் வைனும் சுவைக்கக் கொடுப்பார்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் திருமணமாகி இருபத்தைந்து வருடம். ஒக்டோபரில் ரெஸ்ரோரன்ற் குசினி திருத்தவென்று பத்து நாள் பூட்டு. எல்லாம் பொருந்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் ரிக்கற் வைத்த கடித உறையை நீட்டி, பிரெஞ்சில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

தவசீலன் உறையைத் திறக்காமலே கையில் வைத்திருந்தார். பன்னிரண்டு வருடமாக ருசி சொன்ன வாயை அந்தப் பெண்ணுக்கு முன்னால் திறந்து காட்டவேண்டும். தின்றால் நேர்த்தி போச்சு. அந்த நேர்த்தியில்தான் பேப்பர், பிறகு பிரஜாவுரிமை, மகளின் படிப்பு, வேலை எல்லாமே நிற்கின்றன என்று அவர் உண்மையாகவே நம்பியிருந்தார். தின்னாவிட்டால், உலகத்தில் அவருடைய சொல்லைக் காத்திருந்து கேட்கிற ஒரே ஆளிடம் அவர் பொய்யன். அவர் முகம் போன போக்கைப் பார்த்த ரஜனி, இந்த மனுசனுக்கு என்னோடு தனியாக வரப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள். பள்ளிக்கூடக் கன்ரீனில் இருநூறு பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து யாருக்குப் பசி, யாருக்குக் கோபம் என்று சொல்கிறவள், வீட்டில் ஒரு முகத்தைப் பிழையாக வாசித்தாள்.

இருந்தாலும் ஒருவர் வீட்டுக்கு முதல்முதல் போகிறோம், வெறுங்கையோடு போகலாமா என்று பயத்தம் பணியாரம் சுட்டாள். அது காசு கட்டித் தங்குகிற வீடு, அப்படி ஒன்றும் கொண்டுபோகத் தேவையில்லை என்று மகள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். காசு கட்டினாலும் வீடு வீடுதானே என்றாள் ரஜனி. நிகழ்ச்சி நிரலில் ‘காவ்’ பார்ப்பது என்று இருந்ததுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. காவ் என்றால் கட்டடத்துக்குக் கீழே பழைய சூட்கேசும் உடைந்த சைக்கிளும் போட்டு வைக்கிற நிலவறை. தங்களுடைய காவையே பார்த்து ஆறு வருடம் ஆகிறது, அடுத்தவன் காவைப் போய்ப் பார்ப்பானேன் என்று கேட்டாள். இறங்கவேண்டிய ரயில் நிலையத்தின் பெயர் செத் என்று தெரிந்ததும் அவளுக்கு இன்னும் மனம் சலித்தது. நல்ல நாள் பார்த்துப் போகிற பயணத்துக்கு வேறு பெயரில் ஓர் ஊர் கிடைக்கவில்லையா?

ரயில் மொன்பெலியே நகரத்தைக் கடந்ததும் இரண்டு பக்கமும் தண்ணீர் வந்தது. தண்டவாளத்துக்கு மட்டும் இடம் விட்டு நிலம் ஒதுங்கிக்கொண்டது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆழமில்லாத ஏரிகள். அவற்றில் முழங்காலளவு தண்ணீரில் பூநாரைகள் தலையை அமிழ்த்திக்கொண்டு நின்றன. ரஜனி கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி இருந்தாள். பெயரைப் பற்றிய முறைப்பாடு எங்கே போனதென்று தெரியவில்லை.

செத் வாய்க்கால்களால் ஆன ஊர். வீடுகளின் வாசலிலேயே மீன்பிடிப் படகுகள் கட்டி நின்றன. காலத்தின் அவசரம் எதுவும் அந்த ஊருக்குச் சொல்லப்பட்டிருக்கவில்லை. ரஜனி கணவாய் அடைத்துச் சுட்ட செம்மஞ்சள் நிறக் குட்டி மாப்பண்டம் ஒன்றைத் தெருவோரத்தில் வாங்கித் தின்று, உறைப்புப் போதாது, மற்றும்படி வலு திறம் என்று தீர்ப்புச் சொன்னாள். தவசீலனுக்கு வைன் மணக்கிற ஒரு நீட்டு பிஸ்கற். குன்றின் உச்சிக்கு ஏறிப் பார்த்தபோது ஒரு கையில் கடலும் மறுகையில் ஏரியும் கிடந்தன. ஏரியில் சிப்பி வளர்க்கிற மரச் சட்டங்கள் கோடு கோடாக, யாரோ கொப்பியில் வரி போட்டதைப் போல நின்றன. இத்தனை வருடமும் தன் கைக்கு வந்துகொண்டிருந்தது இங்கிருந்துதான் என்று நினைத்தபடி அவர் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார்.

பின்னேரம் அவர்களைக் கூட்டிப்போக ஷார்லோத் வான் வண்டியில் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், வெயிலில் காய்ந்த முகம், ஆண்களின் ரப்பர் சப்பாத்து. அந்தக் குரல் அந்த முகத்திலிருந்து வந்ததை அவரால் உடனே ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வீட்டுக்குப் போனால் கதவு நீலமில்லை, சாம்பல் நிறம். அத்தி மரம் இல்லை. ஆனால் கண்ணை மூடியபோது எல்லாம் இருந்தது: கதவின் கிறீச்சு, பறவை, படகு மோட்டர். நாய் மட்டும் இரண்டு வருடத்துக்கு முன்பு செத்துப்போய்விட்டதாம். பணியாரத்தைக் கையில் வாங்கிய ஷார்லோத், அறை வாடகைக்கு வந்த யாரும் இதுவரை எதுவும் கொண்டுவந்து தந்ததில்லை என்று சொல்லி, வாடகை விருந்தினரின் மேசையை விட்டுத் தங்கள் வீட்டு மேசையிலேயே இடம் போட்டாள். காற்று அடங்கியதும் மூன்றாம் நாள் உங்களுக்காக ஒரு விசேடமான சிப்பி எடுப்பேன் முசியே சீலன், அதுவரைக்கும் ஊரைப் பாருங்கள் என்றாள். மூன்றாம் நாள் என்ற சொல்லோடு தவசீலன் படுக்கப் போனார்.

மறுநாள் நிக்கோலா திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். அறுவடை முடிந்துவிட்டது. கொடிகள் மஞ்சளும் துருச் சிவப்புமாகி, சரிவு வழியே இறங்கி ஏரியின் விளிம்பில் போய் நின்றன. பறிக்காமல் விடுபட்ட குலைகள் அங்கங்கே தொங்கின. வெயிலில் சுருங்கித் தேனாகியிருந்த பழங்களைத் தவசீலன் பிடுங்கித் தின்றுகொண்டே நடந்தார். மண் சூடாக இருந்தது. காட்டுச் செடிகளின் மருந்து வாசமும் உப்புக் காற்றும் கலந்து வந்தன. தான் இங்கே முன்பு நடந்திருக்கிறேன் என்ற எண்ணத்தை அவரால் விரட்ட முடியவில்லை. நடந்திருந்தாரே, எத்தனை டிசம்பர் மாதங்கள்!

காவ் என்பது ரஜனி பயந்த மாதிரி இல்லை. குளிர்ந்த பெரிய மண்டபம், ஒரு மூலையிலும் சூட்கேஸ் கிடையாது. பிக்பூல் என்ற வெள்ளை வைனை நிக்கோலா ஊற்றினார். உதட்டைக் குத்துவது என்று அர்த்தமாம், புளிப்பால் வந்த பெயர். மச்சத்தைப் பற்றித்தான் பிள்ளையாருடன் ஒப்பந்தம், குடியைப் பற்றி ஒரு கதையும் நடக்கவில்லை என்பதால் தவசீலன் தாராளமாகக் குடித்தார். எலுமிச்சை போல ஏறி, ஈரக் கல்லைப் போல இறங்கியது. சிப்பிக்கென்றே பிறந்த வைன் இது, உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை என்றார் நிக்கோலா. தவசீலன் தலையாட்டிவிட்டுக் குவளைக்குள் பார்த்தார். ரஜனி ஒரு மிடறு குடித்து, ருசி பார்த்த வைனைத் துப்புவதற்கென்று வைத்திருந்த பாத்திரத்தைக் கையில் எடுத்து, பிறகு மனம் வராமல் விழுங்கினாள்.

மத்தியானம் ஏரிக்கரையில், தேவதாரு நிழலில் பாணும் ஆட்டுப்பால் சீஸும் ஒலிவும் தக்காளியும். ரஜனி சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை வைத்தபடி இருந்தாள். சிறிய மீன்கள் விரல்களை வந்து பார்த்துவிட்டுப் போயின. வெயில் இலைகளுக்குள்ளால் வடிந்து இறங்கியது. யாரும் கூப்பிடப் போவதில்லை, எந்த மெற்றோவையும் பிடிக்கவேண்டியதில்லை. இருபத்தைந்து வருடத்தில் இரண்டு பேருமாகப் பகலில் இப்படிச் சும்மா இருந்தது இதுதான் முதல் தடவை. இவருக்கு மாலை வேலை, அவளுக்குக் காலை வேலை. சேர்ந்து போன பயணம் என்றால் கலியாணவீடும் செத்தவீடும்தான்.

“உங்கட மனம் இஞ்சை இல்லை,” என்றாள் ரஜனி திரும்பிப் பார்க்காமலே. “எனக்குத் தெரியும். ரிக்கற் வந்த அண்டைக்கே தெரியும்.”

தவசீலன் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். ஒரு பெண்ணுக்குப் பன்னிரண்டு வருடமாகக் கிழமை தவறாமல் ருசி சொன்னேன் என்பதை எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. வைன் கொஞ்சம் தலையில் ஏறிவிட்டது என்றார். அவள் காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காற்று அடங்கியது. ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. கரையோரத் தகரக் கொட்டகைக்கு முன்னால் ஒரு மேசை போட்டு, ஷார்லோத் பன்னிரண்டு சிப்பியைப் பரப்பினாள். குளிர்ந்த பிக்பூல், மூன்று குவளை, ஒரு கத்தி, ஒரு கையுறை. ஒரு தடித்த பச்சைக் கொப்பியையும் கொண்டுவந்து வைத்தாள். அதில் திகதி திகதியாக அவருடைய செவ்வாய்க்கிழமைகள் எல்லாம் இருந்தன. தான் சொன்னதெல்லாம் இன்னொருவரின் கையெழுத்தில் கிடந்ததைக் கண்ட தவசீலன், எடுத்த கத்தியைத் திரும்ப மேசையில் வைத்தார்.

இந்தப் பன்னிரண்டும் உங்களுடையவை என்றாள் ஷார்லோத். மூன்று வருடத்துக்கு முன்னர், இனிப்புக் கூடி உப்புக் குறைந்துவிட்டது என்று அவர் சொன்னாராம். அதைக் கேட்டு ஒரு வரிசைக் கயிறுகளை ஏரியில் வேறிடத்துக்கு, கடல் தண்ணீர் உள்ளே வருகிற வாய்க்குக் கிட்ட மாற்றினாளாம். தகப்பன் திட்டினார், நிக்கோலாவும் வேண்டாமென்றார். அந்தக் கயிற்றிலிருந்து எடுத்த முதல் சிப்பிகள் இவை. தானும் இன்னும் தின்னவில்லை, முதலில் முசியே சீலன் சொல்லவேண்டும்.

கை தன் வேலையைச் செய்தது. ஒன்றை எடுத்து, இரண்டு ஓடும் பொருந்துகிற மூட்டில் கத்தியைச் செருகி, ஒரு திருப்பு. ஓடு விலகியது. தண்ணீர் தெளிவாக இருந்தது, வாசம் எழும்பி வந்தது. நல்ல வாசம். எப்போதையும்விட நல்ல வாசம். அதை வைத்தே ஒரு வசனம் கட்டலாம். வாய்வரைக்கும் கொண்டுபோய், குடிக்கிற மாதிரிச் செய்து, பின்னால் ஊற்றிவிடவும் செய்யலாம். ஷார்லோத் பேனையைத் திறந்துகொண்டு அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் அவரால் முடியவில்லை. ஓட்டைத் தட்டில் வைத்தார்.

“மதாம், நான் இதுவரைக்கும் ஒரு சிப்பியும் சாப்பிட்டதில்லை.”

அவளுக்கு விளங்கவில்லை. ஒவ்வாமையா என்று கேட்டாள். இல்லை, கடவுளுக்குச் சொன்ன சொல் என்று தவசீலன் எல்லாவற்றையும் சொன்னார். பேப்பர், பிள்ளையார், பன்னிரண்டாம் கிழமை, முதல் ரெலிபோன், கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிற புருவங்கள் வரைக்கும். ஷார்லோத் கொப்பியை மூடினாள். எழும்பி மர இறங்குதுறையின் அந்தம்வரைக்கும் நடந்து போய், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தவசீலனுக்குப் பக்கத்தில் இருந்த ரஜனி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் பிரெஞ்சு உடைந்த பிரெஞ்சுதான், ஆனால் கேட்கும்போது ஒரு சொல்லும் தப்பாது.

திரும்பி வந்த ஷார்லோத் கொப்பியைத் திறந்து அவருக்கு முன்னால் போட்டாள். எது எது பொய் என்று காட்டச் சொன்னாள். தவசீலன் விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாகச் சொன்னார். இது வாடிக்கையாளர் சொன்னது. இது மணந்து பார்த்துச் சொன்னது. தண்ணீரில் ஏதோ சரியில்லை என்றது நானே கண்டுபிடித்தது, சத்தியமாக. மழை பெய்த மண்ணின் ருசி என்று ஒரு வரி வந்தது. அது சும்மா சொன்னது என்றார். அதைத்தான் எங்கள் விளம்பரத் தாளில் அச்சடித்து வைத்திருக்கிறோம் என்றாள் ஷார்லோத். அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, ஆனால் வரவில்லை.

“எத்தனையோ ரெஸ்ரோரன்றுக்கு அனுப்புகிறோம். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை,” என்றாள். “பாரிஸில் ஒருவர் நான் வளர்த்ததைத் தின்று, என்னை நினைக்கிறார் என்று இருந்தேன்.”

“தின்னவில்லை,” என்றார் தவசீலன். “ஆனால் நினைத்தேன், மதாம். உங்களுக்கு என்ன சொல்வதென்று ஞாயிற்றுக்கிழமையே யோசிக்கத் தொடங்கிவிடுவேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் ரஜனி இருப்பது அவருக்கு உறைத்தது. ரஜனி ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கீழுதடு மட்டும் கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

“ஞாயிற்றுக்கிழமை நான் உங்களுக்கு முன்னாலதானே இருந்து சோறு போடுறனான்,” என்றாள் தமிழில். “என்ன யோசினை எண்டு கேட்டா ஒண்டுமில்லை எண்டுவியள். எனக்கு ஒரு வசனம் நீங்கள் யோசிச்சுக் கட்டினதில்லை.”

தவசீலன் கொப்பியை மூடி வைத்தார். சொல்ல இருந்ததெல்லாம் அந்தப் பச்சைக் கொப்பியில் இருந்தது. வெட்கம் ஒரு பக்கம், அதைவிடப் பெரிதாக ஏதோ ஒன்று மறுபக்கம் அவரைப் பிடித்து அமுக்கியது. இந்த ஊரை, அந்த நீலக் கதவை, சாய்வுக் கதிரையை ஒரு நாளாவது இவளுக்குச் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நினைத்தார். ஷார்லோத்துக்குத் தமிழ் விளங்காது. விளங்கவேண்டியது விளங்கிவிட்டது போலும், அவள் பேனையை மேசையில் வைத்துவிட்டாள்.

ரஜனி கையை நீட்டித் தட்டிலிருந்த சிப்பியை எடுத்தாள். யாரையும் கேட்கவில்லை. மற்றவர்கள் செய்கிற மாதிரி ஓட்டைச் சரித்து வாயில் விட்டு, விழுங்காமல் மெதுவாகச் சப்பினாள். கண்ணை மூடினாள். தவசீலன் இலட்சக்கணக்கான முகங்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்தவர். இந்த முகத்தில் அவரால் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை.

“எப்பிடி?” என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

“அவவுக்குச் சொல்லுங்கோ,” என்றாள் ரஜனி கண்ணைத் திறக்காமல். “முதல்ல உப்பு. ஆனா கடல் உப்பு இல்லை, தோலில படுற உப்பு. பிறகு குளிர். பிறகு பிஞ்சு வெள்ளரிக்காய் கடிச்ச மாதிரி. ஒரு இனிப்பு வந்து, நிக்காமல் போகுது.”

தவசீலன் ஒவ்வொன்றாகப் பிரெஞ்சில் சொன்னார். ஷார்லோத் பேனையை மறுபடி எடுத்து, புதிய பக்கத்தில் எழுதினாள். மேலே ரஜனியின் பெயரை, எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு, எழுதினாள். அவர் பிறகு, பிறகு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரஜனி குவளையை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

“விழுங்கின பிறகு என்ன இருக்கு? சொல்லும்,” என்றார்.

“அது உடன சொல்லேலாது.” வெறும் ஓட்டை அவர் முன்னால் வைத்தாள். “இன்னொண்டைத் திறவுங்கோ.”

தவசீலன் கையுறையைப் போட்டுக்கொண்டு, பதினொன்றையும் தட்டிப் பார்த்து, அதில் சிறந்ததைத் தேடினார்.